செல்வராசாவின் கறுப்பு பியர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களைக் கெஞ்சப் போவதில்லை. போன மார்கழியில், டோர்ட்மண்டில், தங்கராசாவுக்கு நடந்தது இது. அந்த ஆள் கோயில் ஐயர் சொல்லும் நாளையே இரண்டு கலண்டரில் பார்த்துத்தான் நம்புவார். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார்.

அன்று அவருடைய கூட்டாளி செல்வராசா செத்து எட்டாம் நாள். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, அறையைச் சாத்திவிட்டு வெளியே இருக்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல் எல்லாம் வைத்தாயிற்று. கடைசியாக செல்வராசாவின் மகள் துஷானி ஒரு கிளாசும் இங்கிலாந்துக் கறுப்பு பியர் ஒரு போத்தலும் கொண்டுபோய் வைத்தாள். செல்வராசா குடித்தால் அதைத்தான் குடிப்பார். ஜெர்மன்காரன் பியர் அவருக்குத் தண்ணீர். கறுப்பு பியரின் அடியில் மண்டி கிடக்கும் என்று கடைசி ஒரு விரலளவைப் போத்தலிலேயே விட்டுவிடுவார்.

அவர் மனைவி கமலநாயகிக்கு ஒரே கவலை.

"ஆசுப்பத்திரிக்குப் போற அண்டு ஒரு கிளாஸ் கேட்டவர், அண்ணை. நான் ஏசிப்போட்டன். கோவத்தோடயே போயிட்டார். இண்டைக்கு வருவாரோ?"

"செத்தவன் பியர் குடிக்க வாறானோ? விசர்க்கதை கதைக்காதை, தங்கச்சி."

அவள் அழுதாள். தங்கராசாவுக்கு மனம் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு மிடறு குடித்துவிட்டால் போச்சு. கிளாஸ் குறைந்திருப்பதைப் பார்த்து அவள் ஆறிவிடுவாள்.

பின்னேரம் 4.20. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கமலநாயகி முகம் கழுவப் போனாள். குசினியில் துஷானி கரண்டி லாச்சிகளை இழுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். டக்... டக்...

தங்கராசா கதவை மெல்லத் திறந்து உள்ளே போனார்.

விளக்கு மட்டும் எரிந்தது. ஹீட்டர் போட்ட அறை. ஆனாலும் விறைத்தது. கிளாஸ் நிறையக் கறுப்பு பியர். படைத்து முக்கால் மணித்தியாலம்... நுரை இன்னும் அடங்கவில்லை.

எடுத்துக் குடித்தார். கருகிய பாண் துண்டின் ருசி. பனங்கட்டி. கடைசியில் அடிநாக்கில் ஒரு கைப்பு. நல்லாத்தான் இருந்தது.

இன்னொரு மிடறு.

பின்னால் கதிரை கிரீச்சிட்டது.

செல்வராசாவின் கதிரை.

அதன் மெத்தை... மெல்ல அமுங்கியது.

கிளாஸை வைத்தார். வெளியே வந்துவிட்டார்.

4.35. கமலநாயகி கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள். தங்கராசா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

கிளாஸ் காய்ந்து கிடந்தது. ஒரு துளி ஈரமில்லை.

பக்கத்தில் போத்தல். மூடியோடு.

"ஓப்பனரை இவ்வளவு நேரமும் தேடினன், அம்மா," என்றாள் துஷானி. "கிடைக்கேல்லை. போத்தல் திறக்கவே இல்லை."

கமலநாயகி சுவரில் சாய்ந்தாள். "அப்ப அவர் வரேல்லை. இன்னும் கோவம்தான்."

துஷானி திரும்பினாள். "மாமா... உங்கட மீசையில என்ன நுரை?"

தங்கராசா மீசையைத் துடைத்தார். போய்ப் போத்தலைத் தூக்கினார்.

பாரமே இல்லை.

மூடியைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. விளக்குக்கு நேரே பிடித்தார்.

அடியில்... கலங்கலாய்... ஒரு விரலளவு.

"வந்தவன், தங்கச்சி." போத்தலை அவளிடம் நீட்டினார். "நான் குடிச்சது ரெண்டு மிடறுதான்."