மேரி நிறுத்திய மாத்திரை

ராயப்பன்பட்டி வியாகுலமேரிக்குத் திராட்சையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. எப்போது கொடியைக் கவாத்து வெட்டுவது, எப்போது பூச்சிமருந்து அடிப்பது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். கணவர் அமல்ராஜ் பாவம், ஸ்பிரேயரைத் தூக்கிச் சுமப்பதோடு சரி.

அப்படிப்பட்டவள், தன் குதிகாலில் கறுத்துப் பரவிய மச்சத்தை மட்டும் முள் குத்திய கறை என்று விட்டுவிட்டாள். தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கிளம்பி, நடக்க முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். தோலில் வந்த புற்றுநோய் நுரையீரல்வரை போயிருந்தது. அமல்ராஜ் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டியைச் சோதித்த டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். புற்றில் ஒரு மரபணு மாறியிருக்கிறது; அந்த மாற்றத்தையே குறிவைத்து அடக்கும் மாத்திரைகள் உண்டு. விடாமல் சாப்பிட வேண்டும்.

மாத்திரை கேட்டது. அதன் பக்கவிளைவாகக் காய்ச்சல் வந்து வந்து போனாலும் கட்டி கரைந்தது. மேரி மறுபடி தோட்டத்தில் நின்று அதிகாரம் பண்ணினாள். அமல்ராஜுக்குத் திட்டு வாங்குவதே சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒருநாள் பழைய இடத்திலேயே கட்டி தட்டுப்பட்டது.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கட்டிதான் போயிருச்சே, நிப்பாட்டிட்டேன். பழத்துல நெறம் ஏறிட்டா நாங்க மருந்தடிக்க மாட்டோம். உள்ள நஞ்சு தங்கிரும்ல," என்றாள் மேரி, பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணியவளாக.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நோய் அடங்கித்தான் இருந்தது, போகவில்லை. மறுபடி தொடங்கலாம், ஆனால் முன்போலக் கேட்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை எதிர்த்துப் பேசாத அமல்ராஜ், பஸ் ஸ்டாண்டில் வெடித்தார்.

"டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாகள்ல? பழத்த ஊர்ச்சனம் திங்கப் போகுது, மருந்த நிப்பாட்டுறோம். உன்னைய யாருடி திங்கப் போறா?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவள், அப்படியே அழத் தொடங்கினாள். நோய் வந்ததிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"எனக்குச் சாகப் பயமா இருக்குங்க."

அமல்ராஜின் கோபம் அந்த இடத்திலேயே செத்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி வாங்கிய மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"எனக்குந்தான்டி," என்றார்.