சாவி கொடுக்காமல் பார்த்திருந்தால்

தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொடியம்மா என்றுதான் சொல்வார்கள். வாட்ச் மூவ்மெண்டுகள் ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூட ஓடுகின்றன, எத்தனை நொடி குறைய ஓடுகின்றன என்று சோதித்துச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. அவள் சொன்னது தப்பு என்று இதுவரை ஒருவனும் நிரூபித்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வாட்ச் விஷயத்தில் கோட்டை விட்டாள். அதுவும் சொந்தப் புருஷனுடைய வாட்ச். அதில் போனது வாட்ச் இல்லை, அவருடைய இடது கை.

மூவ்மெண்ட் என்றால் வாட்சின் உள்ளுறுப்பு. அதற்குக் கூடு கிடையாது, பட்டை கிடையாது, கட்டிக்கொள்ள ஒரு மணிக்கட்டும் கிடையாது. அசெம்ப்ளியிலிருந்து தட்டுத் தட்டாக அவள் மேசைக்கு வரும். முதலில் முழுச் சாவி கொடுக்க வேண்டும், அது விதி. பிறகு பிடிப்பில் மாட்டினால், மெஷின் அதன் டிக் டிக்கைக் காது கொடுத்துக் கேட்டு, எத்தனை நொடி பிசகுகிறது என்று திரையில் காட்டும். உள்ளே இருக்கிற பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு தெம்பாக ஆடுகிறது என்பதையும் வீச்சு என்று தனியாகக் காட்டும். முகம் மேலே, முகம் கீழே, சாவி கொடுக்கிற குமிழ் மேலே, குமிழ் கீழே, பக்கவாட்டில் என்று ஐந்து நிலைகளில் வைத்துப் பார்ப்பாள். "தலைகீழா நின்னாலும் இந்தம்மாகிட்ட பாஸ் வாங்க முடியாது" என்று அசெம்ப்ளிக்காரர்கள் புலம்புவார்கள். மூவ்மெண்டுகள் நிஜமாகவே தலைகீழாகத்தான் நின்றுகொண்டிருக்கும், பாவம்.

ஆறு நொடிக்கு மேல் கூடினால் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒருமுறை அசெம்ப்ளி சூப்பர்வைசரே நேரில் வந்து கெஞ்சினார்.

"ஏழுதானேம்மா? ஒரு நொடி என்ன அவ்வளவு பெரிய விஷயமா?"

"பெரிய விஷயம் இல்லல்ல? அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்க சார்."

மனுஷர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அவள் புருஷன் பெயிண்டர், வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். கூரையின் உட்புறம் அடிப்பதில் கெட்டிக்காரர். முப்பது வருஷம் ஏணிமேல் நின்று அண்ணாந்து பார்த்தே காலம் போயிற்று. அவளுக்கு இருபது வருஷம் முடிந்தபோது கம்பெனி ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் கொடுத்தது. கையில் கட்டிக்கொண்டு நடமாடினாலே போதும், கை அசைகிற அசைப்பில் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். அதை அவர் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். வர்ணம் தெறிக்காமலிருக்க மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அவர் ஏணி ஏறுவார். ஒரு வருஷத்துக்கு மேல் அது ஒருநாளும் நிற்கவில்லை.

ஒருநாள் காலையில், "ஏம்மா, உன் வாட்ச் நின்னு போச்சு" என்றார்.

வேலைக்கு எடுத்துப் போனாள். விதிப்படி முழுச் சாவி கொடுத்தாள். ஐந்து நிலையிலும் வைத்தாள். இரண்டு நொடி கூடுதல், அவ்வளவுதான். தன் கைநோட்டில் தேதி போட்டு, 'வீட்டு வாட்ச், குறை ஏதுமில்லை' என்று எழுதினாள்.

சாயங்காலம் அவர் வாசலிலேயே கேட்டார். "பாஸா, ஃபெயிலா?"

"வாட்ச் பாஸ். கட்டியிருக்கிற ஆளுதான் ஃபெயில். கையை ஆட்டினாத்தானே அது ஓடும்? சோம்பேறி ஆயிட்டீங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. கை ஆடவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே! ஏன் ஆடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மூன்று மாதம் கழித்து வாட்ச் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை, பின்தங்கி ஈனஸ்வரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வந்த கோலத்திலேயே மெஷினில் வைத்திருந்தால் வீச்சு பாதிக்குப் பாதி இறங்கிக் கிடந்ததைத் திரை காட்டியிருக்கும். ஒரு நாள் முழுக்கக் கட்டியிருந்தும் இவ்வளவுதான் ஏறியதா, அந்தக் கை என்னதான் செய்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அவளோ உட்கார்ந்ததும் பழக்கத்தில் முழுச் சாவி கொடுத்தாள். பார்க்க வேண்டியது அதோடு அழிந்துபோயிற்று. இரண்டு நொடி கூடுதல், குறை ஏதுமில்லை.

இதற்குள் அவர் ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். கீழே உட்கார்ந்து கதவும் ஜன்னலும் மட்டும் அடித்தார். தெருவில் நடக்கும்போது இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே வராது. "உள்ள என்ன புதையலா இருக்கு?" என்று அதற்கும் ஒரு கேலி.

மூன்றாம் தடவை வாட்சை நீட்டியபோது அவளுக்குச் சுர்ரென்று வந்தது. எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இதைத் தூக்கிட்டு வந்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். உங்க சோம்பேறித்தனத்துக்கு வாட்சைக் குறை சொல்லாதீங்க."

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார், கட்டிவிடச் சொல்லி. அவள் கட்டிவிட்டாள். கட்டும்போதும் நொடிமுள் சரியாக நகர்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர் வாங்கியவள்!

அதற்கடுத்த மாதம் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார்.

"இது எப்ப ஆரம்பிச்சுது?"

"எப்பன்னு சொல்றது டாக்டர்? வயசாயிடுச்சுல்ல" என்று அவர் மழுப்பினார்.

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்று தேதிகளையும் படித்தாள்.

டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு சரியா எழுதி வச்சிருக்கீங்க, அப்புறம் ஏம்மா அப்பவே வரல? ஆபரேஷன் பண்ணினா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். போன பலம் திரும்பி வர்றது கஷ்டம். அந்த முதல் தேதியிலயே வந்திருந்தா கதையே வேற."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது கேட்டாள். "கை மரத்துப்போகுதுன்னு ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்னு சொல்லிட்ட. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் குத்திக்காட்டவில்லை, மனதில் இருந்ததைச் சொன்னார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. காலையும் மாலையும் அந்தக் கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிவிடுகிறாள். மாதம் ஒருமுறை வாட்சை எடுத்துப் போய், குமிழைத் தொடாமல், இருக்கிற கோலத்திலேயே மெஷினில் வைக்கிறாள். நேற்று வைத்தபோது வீச்சு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை வைத்தாள். அதேதான் காட்டிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, அவர் இடது கையை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, பாஸா, ஃபெயிலா?"

அவள் குனிந்து பட்டையை மாட்டினாள்.

"பாஸ். போன மாசத்துக்கு இந்த மாசம் நல்லாவே ஏறியிருக்கு."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர், கையைப் பார்த்துக்கொண்டே. பிறகு முகம் மலர்ந்தது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."