தண்டவாளம் அடிக்காத காலை

ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடிப்போன மறுநாளும் எல்லோரும் பெரட்டுக்குப் போனார்கள். பெரட்டு என்றால், விடியுமுன் திடலில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை, வேலை வாங்கும் மண்டோர் அடித்ததும் கால்கள் தாமாகவே கிளம்பிவிடும். ஓடிப்போன ஆளுக்கு யாரெல்லாம் பெயர் கொடுத்தீர்கள் என்று சித்தப்பா மட்டும் படுத்தபடியே கேட்டுச் சிரித்தார்.

சித்தப்பா பாதிரியாராகப் படிக்கப் பினாங்கு போய், பாதியில் திரும்பியவர். வேதத்துக்காகக் கிரேக்கமும் படித்திருந்தார். அதைக் கொண்டுபோனால் பகாவ் சந்தையில் ஒரு கத்தரிக்காய்கூடக் கிடைக்காது என்பார் அம்மா.

ஜப்பான்காரன் வந்தபின் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். ஒரு மாலை கிழங்கைத் தின்றுகொண்டே சித்தப்பா கிரேக்கத்தை எடுத்தார். விடுதலைக்கு அவர்களிடம் இரண்டு சொற்களாம். ஓர் ஊர் தானே போட்ட சட்டப்படி வாழ்ந்தால் ஆட்டோனோமியா. இன்னொன்று எலெவ்தெரியா. மனம் விரும்பிய இடத்துக்குப் போவது என்று பழைய ஆட்கள் அதற்குப் பொருள் சொல்வார்களாம்.

அப்பா நிமிர்ந்தார். "அவங்க ஊருல கூலி ஆளுங்க இல்லியா?"

"அடிமைங்களே இருந்தாங்கண்ணே. நாங்க அடிமை இல்லன்னு மத்தவங்க சொல்லிக்கத்தான் அந்தச் சொல்லே வேண்டியிருந்துச்சு."

அப்பா இன்னொரு கிழங்கை உரித்தார்.

அந்த வாரமே மண்டோர் வீடு வீடாக வந்து, நாளைப் பெரட்டுக்கு ஆம்பிளைகள் எல்லோரும் வரவேண்டும், அரிசி கொடுப்பார்கள் என்றார். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி அரிசிக்கு நின்றவர்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். போகாதே என்று சித்தப்பா கெஞ்சினார். பெரட்டுக்குப் போகாமல் எப்படி என்றார் அப்பா. அம்மா அழுதார்.

மறுநாள் காலை தண்டவாளம் அடிக்கவில்லை. தலைத்துண்டு கட்டி, பால்வெட்டும் கத்தியை இடுப்பில் செருகி, அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயம் முழுக்க ஆண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் கேட்காமல் எழுந்து போய்ப் பழக்கமில்லை. கேட்டிருந்தால் போயிருப்பார்கள்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. காலித் திடலில் ஜப்பான்காரர்கள் மண்டோரை அறைந்து, தண்டவாளம் எங்கே என்று கேட்பது லயம்வரை கேட்டது. சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"பின்பக்கமா காட்டுக்குள்ள போயிருண்ணே. எல்லாரையும் கூட்டிக்க. நான் பெரட்டுக்குப் போறேன்."

முதல்நாள் சாயங்காலம் தண்டவாளத்தைக் கழற்றிக் கிணற்றில் போட்டவரே அவர்தான். திடலுக்குப் போய் அதைத் தானே சொல்லிவிட்டார். அடித்து, கயிறு கொடுத்து, அவரையே எடுக்க வைத்தார்கள். அவர் அவசரமில்லாமல் எடுத்தார். பிறகு மண்டோர் அதை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் வரவில்லை.

லாரி சித்தப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது; அன்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். அந்தத் திடலை ஒருநாளும் மிதிக்கமாட்டேன் என்று வாய் கிழியப் பேசியவர், கடைசியில் அரிசிக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டார் என்று கூடப் படிக்கும் பெண்களிடமெல்லாம் சொன்னேன். அந்தத் திடலுக்கு அதுவரை போனவர்களில், யாரும் அடித்துக் கூப்பிடாமல், தன் மனம் சொல்லிப் போனவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.