ஒற்றைக் கையும் கரடிப் பேணியும்

"…அரைவாசி எண்டால் பூட்டுறன், முழுக்க எண்டால் ஏலாது. அப்ப மிச்சச் சாப்பாட்டைக் கரடியின்ரை கையிலை குடுத்து, 'தம்பி, விடியுமட்டும் வைச்சிரு' எண்டு சொல்லுறதோ?" என்று அண்ணை கேட்டார்.

மியூனிக்கில் அவர்கள் வீட்டுக் குசினி. மேசை நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் உருளை ஒன்று, சுற்றிவரச் சாப்பாட்டுப் பைகள். அவர் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வழக்கமாக அண்ணை வாய் திறந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவன் நான். அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். தேத்தண்ணியைச் சாட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவதே அவர் கதை கேட்கத்தான்.

அந்த உருளைக்குக் கரடிப் பேணி என்று பெயர் வைத்தது அக்கா. கனடா மலைகளில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சாப்பாட்டை அதற்குள் போட்டுப் பூட்டி, கூடாரத்துக்கு எட்டத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். கரடி உருட்டும், கடிக்கும், ஆனால் திறக்காது. இவர்களுடைய ஒரே மகன் வன்கூவரில் படித்து அங்கேயே வேலையும் எடுத்திருந்தான். முதல் லீவுக்குத் தகப்பனைக் கூப்பிட்டான். "நீங்களும் நானும் மட்டும், அப்பா. அஞ்சு நாள் நடக்கிறம். ஆளுக்கொரு பேணி. உங்கடை சாப்பாட்டை நீங்கள்தான் முதுகிலை காவவேணும், சொல்லிப்போட்டன்." அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய் அல்ப்ஸ் அடிவாரமெல்லாம் நடந்தவர்கள்.

அவனுக்கு ஒரு விஷயம் தெரியாது. முந்தின வருடம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் திரும்ப வந்தது. "வாய்க்கு ஒண்டும் நடக்கேல்லை, வருத்தத்துக்கே என்ரை வாயிலை பயம்" என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தே சொன்னார். கைதான் வரவில்லை. மகனுக்கு அப்போது சோதினை. கேள்விப்பட்டால் எறிந்துவிட்டு ஓடிவருவான் என்று மறைத்தார்கள். சோதினை முடிந்ததும், வேலை கிடைக்கட்டும் என்றார்கள். கிடைத்ததும், நிலைக்கட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்ற பயம் வந்து குந்திக்கொண்டது. எங்கள் ஆட்களில் இப்படி நடக்காத வீடு குறைவு. தூரத்துப் பிள்ளைக்கு நோய் வருத்தம் சொல்லக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

அண்ணையிடம் ஒரு திட்டம் இருந்தது. "போனிலை சொன்னால் அவனுக்கு நோயாளிதான் தெரியும். மலையிலை ஏறிக் காட்டி, என்ரை சோத்தை நானே எடுத்துத் திண்டுபோட்டு, 'இஞ்சை பார், கை இப்பிடி, ஆனால் அப்பா அப்பிடியேதான் இருக்கிறன்' எண்டு சொல்லுவன்." விமான நிலையத்தில் கையைக் கண்டுவிடுவானே என்றேன். "காற்சட்டைப் பையுக்குள்ளை விடுவன். ஸ்டைல் எண்டு நினைப்பான்."

பேணி வாங்க நானும் கூடப் போனேன். மலைச் சாமான் விற்கிற கடை அது. விற்பனைக்கு நின்ற ஜெர்மன் பிள்ளை மூன்று வகையைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாவது, கடிக்க முடியாத துணியில் செய்த பை. வாயை இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அண்ணை அதைத் தொடவே இல்லை. இரண்டாவதன் மூடியில் நாக்குப் போல நீட்டிக்கொண்டிருந்த துண்டை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் திருக வேண்டும். மூன்றாவதன் மூடியில் இரண்டு பூட்டுகள். சில்லறைக் காசொன்றைச் செருகித் திருப்பினால் போதும். அவர் பேணியைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் காசைத் திருப்பினார். பூட்டு விழுந்தது. இன்னொரு தரம் திருப்பினார். திறந்தது. அப்படி மலர்ந்த முகத்தை நான் அந்த வருத்தத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கண்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஒவ்வொரு நாளும் பழகினார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பூட்டுவார், திறப்பார். "கரடி பாவம்" என்பார்.

பழகியதெல்லாம் வெறும் பேணியில். அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா முதன்முதலாகப் பேணியை நிரப்பினாள். மட்டைப் பெட்டிகளில் இருந்ததையெல்லாம் பைகளுக்கு மாற்றி, அமத்தி அமத்தி அடுக்கினாள். "காத்தை வெளியிலை விடப்பா, காத்துக்கு டிக்கெட் எடுக்கேல்லை" என்று அண்ணை பக்கத்தில் நின்று பகிடி விட்டார். நூடில்ஸ், அவல், பயத்தம்மா உருண்டை, மாசிச் சம்பல். மணக்கிற சாமான் எல்லாம் உள்ளே போக வேண்டும் என்பதால் பற்பசை, சவர்க்காரம், மருந்து.

"சவர்க்காரத்தையும் சம்பலையும் ஒண்டா வைக்கச் சொன்னவன் ஆர்? அவனுக்குப் பெண்சாதி இல்லைப் போலை" என்றாள் அக்கா.

நிரம்பிய பேணியில் மூடி மேலே எழும்பி நின்றது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்தால்தான் மற்றக் கையால் காசைத் திருப்பலாம். அண்ணை முழங்கையால் அமுக்கிப் பார்த்தார். வழுக்கியது. குனிந்து நாடியை மூடியில் வைத்து அமுக்கினார். குனிந்தபடி பூட்டைப் பார்க்க முடியவில்லை. வலது கையைத் தூக்கி மூடியின் மேல் வைத்தார். அது அதன்பாட்டில் கிடந்தது. அக்கா ஒரு நாள் சாப்பாட்டை வெளியே எடுத்தாள். பூட்ட முடியவில்லை. இன்னொரு நாளுடையதை எடுத்தாள். பிறகும் எடுத்தாள். பேணி பாதியான பிறகுதான் பூட்டு விழுந்தது. அப்போதுதான் அவர் கரடியின் கையில் கொடுப்பதைப் பற்றிக் கேட்டார்.

"மகன் பூட்டித் தருவான்தானே, அண்ணை," என்றேன்.

"அவன் என்ரை சோத்தைப் பூட்டி, அவன் திறந்து, எனக்கு எடுத்துத் தாறதோ? அதுக்கு நான் ஏன் மலைக்குப் போவான்? இஞ்சை உன்ரை அக்கா தாறாதானே."

"அப்ப இண்டைக்காவது சொல்லுங்கோவன்," என்றாள் அக்கா. "பெத்த பிள்ளைதானே. கோவிச்சால் கோவிக்கட்டும்."

தொலைபேசி அடித்தது. ஞாயிறு பின்னேரம் அடித்தால் அவன்தான். அண்ணை இடது கையால் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினார்.

"அப்பா, பேணி வாங்கிட்டியளோ? டிக்கெட் போடட்டோ?"

அக்கா அவர் தோளைத் தொட்டாள். சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நான் வரேல்லை, மோனை. எனக்குக் கரடிக்குப் பயம்."

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு, தகப்பனுடையதேதான். இவரிடமிருந்து மறுசிரிப்பு வராததால் அது பாதியில் நின்றது.

"அப்பா, உங்களுக்கு என்னோடை வர விருப்பமில்லை எண்டால் நேரை சொல்லுங்கோ."

"விருப்பமில்லை," என்றார் அண்ணை. அக்கா வாய் திறப்பதற்குள் அதே கையால் இணைப்பைத் துண்டித்தார்.