ஷாமிளாவின் காற்றாடி

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஷாமிளாவுக்குக் கோபக்காரி என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு வாயா வலிக்கும்? அவள் இடத்தில் இருந்து பார்த்திருந்தால் தெரியும்.

கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போய், பெற்ற மகள் சசியின் முகத்தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பார்த்தவள் அவள். இனி அந்தப் பிழைப்பே வேண்டாம் என்றுதான் சாமான் சாமானாக வாங்கி, லயத்து அறையிலேயே ஒரு கம்ப்யூட்டரைத் தானே சேர்த்துப் பூட்டினாள். பெல்மதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மக்கீன் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டக் கொடுத்து, "இன்னைக்குப் பின்னேரத்துக்குள்ள முடிச்சு அனுப்புங்க தங்கச்சி. சரியா வந்தா இனி எல்லா வேலையும் உங்களுக்குத்தான். இல்லாட்டி வேற ஆளைப் பார்க்கணும்" என்று சொல்லியிருந்தார்.

மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதித்தது. வீடியோ பாதி தயாராவதற்குள் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அணைந்தது. பெட்டியின் ஆணிகளைக் கழற்றி, வயர் வயராகத் தடவிப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ஸ்ரீதரன், "நான் அப்பவே சொன்னேன், கடையிலயே பூட்டி வாங்குன்னு. பொம்பள கை வச்சா இப்படித்தான்" என்றான்.

பூட்டியதில் ஒரு பிழையும் இல்லை. சூடு ஏற ஏற வேகமெடுக்கும்படி அவள் கம்ப்யூட்டருக்குள் வைத்திருந்த காற்றாடிதான் நோயாளி மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ செட்டிங்கில் அதன் வேகத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள். பேயா வந்து குறைக்கும்?

"சசி அப்பா, இதுல கை வச்சீங்களா?"

ஸ்ரீதரன் சுவரைப் பார்த்தான். "பக்கத்து வீட்டுக் காத்தமுத்து மாமா, மில்லு ஓடுற மாதிரி ஒரே கரச்சலா இருக்குன்னாரு. கொஞ்சந்தான் கொறச்சேன்."

ஷாமிளாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. குறைத்ததையாவது மன்னிக்கலாம். அவள் வியர்க்க வியர்க்கத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே பழியை அவள் தலையில் கட்டினானே, அதை எப்படிப் பொறுப்பது? இத்தனைக்கும் இந்த மனுஷனுக்கு வேலை, தேயிலை பதப்படுத்தும் ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகளைப் பார்த்துக்கொள்வது.

"ஸ்டோர்ல காத்தாடியக் கொறச்சா கொழுந்து என்னாகும்?"

"சூடேறி செவந்து போகும்."

"அது தெரியுதுல்ல? அந்தக் காத்தாடி இந்த லயத்தையே ஆட்டுது. கரச்சல்னு யாராச்சும் தொரகிட்ட போனாங்களா? தோட்டத்துக்கு ஓடுனா வேலை, எனக்கு ஓடுனா கரச்சலா? நான் திரும்பக் கொழும்புக்குப் போய்ட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க, அப்படித்தானே?"

ஷாமிளா காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாள். அறை இரைந்தது. வீடியோ முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. பாதியைத் தாண்டியும் அணையவில்லை. அப்போது காத்தமுத்து மாமா சுவரில் தட்டும் சத்தம்.

"ஸ்ரீதரா, அந்தக் கருமத்த நிப்பாட்டுப்பா."

ஸ்ரீதரனின் கை தானாக மௌஸ் பக்கம் போனது. ஷாமிளா தட்டிவிட்டாள்.

"அன்னைக்கு அவர் சொன்னத எனக்குச் சொல்லாமலே செஞ்சீங்கல்ல? இன்னைக்கு நான் சொல்றத அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"எம் பொண்டாட்டிக்கு வேலை இருக்குன்னு சொல்லுங்க."

ஸ்ரீதரன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் அவன் குரல் முணுமுணுவென்று கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்க" என்று ஷாமிளா இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.