இலையில்லாத செடியும் என் அண்ணியும்

அண்ணிதான் அதை முதலில் பார்த்தார். நான் பார்த்திருக்க வேண்டும். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் அலோர் ஸ்டாரில் நான் படித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குச் செடிப் பைத்தியம். கண்ணில் பட்ட இலையையெல்லாம் பழைய நோட்டுக்குள் வைத்து அழுத்தி, பெயர் எழுதி, சாயங்காலம் அண்ணனிடம் காட்டுவேன். சலிக்காமல் கேட்பார். அதெல்லாம் அவருக்குக் கல்யாணம் ஆகும் வரைதான். கோத்தா கோலா மூடா என்ற மீனவ ஊரிலிருந்து வந்த அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் "இங்க பாருங்களேன்" என்றால் போதும், அண்ணன் என் நோட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

அன்று காலையிலும் அண்ணி அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணன் பின்னாலேயே நானும் போனேன். வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிப் பாத்தி முடிகிற இடத்தில் ஒரு மூங்கில் புதர். அதன் சருகுக்குள்ளிருந்து ஒரு சாண்கூட இல்லாத பழுப்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சின்ன வெள்ளைப் பூ, இரண்டு மொட்டு. பேருக்குக்கூட இலை இல்லை.

"என்னம்மா இது? நீதான படிச்சவ, சொல்லுலா" என்றார் அண்ணன்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறையில் முதல் கேள்வியே இலையைப் பற்றியதுதான்: எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? இலையே இல்லாததை எதில் சேர்ப்பது? உதிர்ந்திருக்கும் என்று சருகைக் கிளறினேன். கிடைத்ததெல்லாம் மூங்கில் இலை.

"காளான்" என்றேன்.

"காளான் எங்கயாச்சும் பூக்குமா பாப்பா? வாயத் தொறந்த மீனாட்டம் இருக்கு. கீழ் உதடுகூட இருக்கு பாரு" என்று சிரித்தார் அண்ணி.

அண்ணனும் கூடச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப ஒட்டுண்ணி. பச்சை இலை இல்லாத செடி சொந்தமா சாப்பாடு செய்யாது. நம்ம மரவள்ளி வேரைத்தான் உறிஞ்சுது. விட்டா கிழங்கெல்லாம் சூம்பிப் போயிடும்ணே."

அரிசி கண்ணில் படாத காலம். அந்தப் பாத்திதான் எங்களுக்குச் சோறு. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

அண்ணி என்னோடு வாதாடவில்லை. "வேரு எங்க போவுதுன்னு பாத்துடுவோமே" என்று ஒரு கொட்டாங்கச்சியால் மண்ணை மெல்ல விலக்கினார். அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கிழங்கு. எந்த வேரோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. இவ்வளவு எளிய சோதனை, படித்த எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் குனிந்து பூவைச் சரியாகப் பார்த்தேன். அண்ணி சொன்ன உதடு இருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு குட்டைத் தூண், அதன் தலையில் தொப்பி வைத்த மகரந்தம். துரை பங்களாவில் தேங்காய் மட்டையில் தொங்கிய ஆர்க்கிட் பூக்களை எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பேன்! இதுவும் ஆர்க்கிட்தான், சந்தேகமே இல்லை.

அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். "தள்ளுங்க ரெண்டு பேரும்."

"இது எதையும் ஒட்டலீங்க" என்றார் அண்ணி.

"படிச்ச புள்ள சொல்லுது, நீ சும்மா இரு."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்கு ஏங்கியிருந்தேன்! இனிப்பாக இருந்தது. மண்வெட்டி மேலே போகும் வரை அந்த இனிப்பில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"வேணாம்ணே! அது ஆர்க்கிட்!"

"இப்பத்தான ஒட்டுண்ணின்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன ஆர்க்கிட்? பேரு?"

"தெரியலண்ணே. ஆனா ஆர்க்கிட்தான்."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அண்ணி மண்ணை மூடினார். மத்தியானத்துக்குள் பூ வாடிவிட்டது. மறுநாள் அடுத்த மொட்டு விரிந்தபோது தொழிலாளர் லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள்.

"எங்க நாத்தனாதான் கண்டுபுடிச்சா. படிச்ச பொண்ணுல்ல!" என்றார் அண்ணி. குத்தலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவருக்குச் சேரவேண்டியதை இப்படிச் சுலபமாகத் தூக்கிக் கொடுக்கிறாரே என்று அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல, அண்ணிதான் மொதல்ல பாத்தாங்க" என்று சொல்ல நினைத்தேன். கடைசிப் பெண் போகும் வரை சொல்லவில்லை.