என் பெயரில் வந்த அவள் செய்தி

இதழியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடை விடுமுறையில், திண்டிவனத்தில் வெளிவரும் சின்ன வாரப் பத்திரிகை ஒன்றில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. எங்கள் விழுப்புரம் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். நானும் என் வகுப்புத் தோழியும். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் எங்களுக்குக் கரும்பு நிலம் உண்டு. அவள் வீடு கிளியனூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். அவளுடைய அம்மா களை எடுக்கவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர். நான் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன். அவள் தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

பத்திரிகை அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. நான் எழுதியதை அவள்தான் முதலில் படிப்பாள். "இன்னாடி இது, கலெக்டர் ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்குது. அந்தம்மா எப்டி பேசுச்சோ அப்டியே எழுது" என்பாள். திருத்தி எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் அவள் தாமதமாக வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"பஸ்ஸு நிக்கல. அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் ஏறினேன்."

"தெனமும் இப்டித்தானா?"

"பாதி வண்டி எங்க ஸ்டாப்புல நிக்காது. இதுல இன்னா புதுசு?"

அவளுக்குப் புதிதில்லை. எனக்கு அது செய்தியாகத் தெரிந்தது. இருவருமாகப் போய் ஆசிரியரிடம் சொன்னோம்.

"நல்ல மேட்டரும்மா" என்றார் அவளிடம். "ஆனா உங்க ஊரு விஷயத்த நீயே எழுதினா, சொந்தப் பிரச்சினைன்னு சொல்லிடுவாங்க. நீ கூட இரு. அந்தப் பொண்ணு எழுதட்டும்."

அந்தப் பொண்ணு நான்தான். அவர் சொன்னது நியாயம் என்றே அன்று நினைத்தேன்.

மூன்று நாள் அந்த நிறுத்தத்தில் நின்றோம். நிற்காமல் போன வண்டிகளின் நேரத்தை அவள் குறித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துப் பேசத் தயங்கிய பெண்களிடம், "என்கூடப் படிக்கிற பொண்ணுதான்க்கா, சும்மா சொல்லுங்க" என்றாள். வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண், "நாங்க கை காட்டறது டிரைவருக்குத் தெரியும்மா. தெரிஞ்சிக்கினுதான் போறாரு" என்றார். அதையே தலைப்பாக வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் திண்டிவனத்தில் அவளோடு நானும் பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்க நிக்காதும்மா. அடுத்ததுல எறங்கிக்கோங்க." இறங்கி வெயிலில் திரும்பி நடந்தோம். வழி முழுக்க நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏன்டி இவ்ளோ பேஜாராவற?" என்றாள் அவள். "நீ ஒரு நாள்தானே நடக்கற."

செய்தி முதல் பக்கத்தில் என் பெயரோடு வந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. அடுத்த வாரமே டிப்போவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வண்டிகள் நிற்கத் தொடங்கின. அவளுடைய அம்மா போனில் என்னை அழைத்து, "உன்னாலதான்மா" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்கு மேற்படிப்புக்கான உதவித்தொகை தருவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். நான் அந்தச் செய்தியை இணைத்து விண்ணப்பித்தேன். அவள் ஒரு கோயில் திருவிழாச் செய்தியை இணைத்தாள். எனக்குக் கிடைத்தது.

"நான் போய் ஆசிரியர்கிட்ட, பாதிக்கு மேல நீதான் செஞ்சேன்னு உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது? ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். நீ போய்ப் படி."

அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் ஆசிரியரிடம் போகவில்லை. சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

இப்போது ஒரு செய்தித் தளத்தில் வேலை செய்கிறேன். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுதியதை வாங்கிப் படித்து, "யாருடி இப்டிப் பேசுவா?" என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை. ஒரு பத்தி சரியாக வரும் நாட்களில் மனம் அவளை அதிகம் தேடுகிறது.

இரண்டு வருடம் முன்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "யாரு என்ன செஞ்சீங்கன்னு நானும் கேட்டிருக்கணும்மா" என்றார். இணையத்தில் இருக்கும் அந்தச் செய்தியில் இப்போது அவள் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் இருக்கின்றன. உதவித்தொகை விண்ணப்பத்தில், 'இந்தச் செய்திக்காக உங்களோடு உழைத்தவர் யார்?' என்று ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

இணைப்பை அவளுக்கு அனுப்பினேன். "பாத்தேன். சாப்டியா?" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அவள் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறாள். போன மாதம் பேசினோம். "நீ ஏதாவது எழுதேன்டி" என்றேன்.

"பசங்க நோட்டு திருத்தவே நேரம் பத்தல" என்று சிரித்தாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் எழுதி நான் முதலில் படிக்க வேண்டும் என்ற ஆசையை இந்த முறையும் சொல்ல முடியவில்லை.